புண் ஆறும்போது ரத்தக்குழாய்ச் செல்கள் என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புண்களுக்கு டிரஸ்ஸிங் செய்யும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். கட்டைப் பிரித்ததும் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது நிறத்தின் மேல்தான். சிவப்பாக இருந்தால் ஒரு பயம், வெளுத்திருந்தால் வேறொரு பயம். அந்த நிறத்தில் பெரும்பகுதி ரத்தக்குழாய் சொல்லும் சேதி என்று சொன்னால், அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால். உங்கள் புண்ணைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவர் சொல்வது புரிய இது உதவும்.

1. ரத்தக்குழாய்ச் செல்னா ரத்தத்துல ஓடுற செல்லா?

இல்லை. ரத்தத்தில் ஓடுபவை சிவப்பணு, வெள்ளணு, தட்டணு. நாம் பேசப்போவது ரத்தம் ஓடும் குழாயின் உட்சுவரைப் பற்றி. பெரிய தமனியிலிருந்து கண்ணுக்கே தெரியாத தந்துகி வரை, எல்லாக் குழாயின் உள்ளேயும் ஒரே ஒரு செல் கனத்தில், தரைக்கு ஓடு பதித்தது போல ஒரு படலம் இருக்கிறது. அந்த ஓடுகள்தான் எண்டோதீலியல் செல்கள். இந்தப் பக்கம் முழுக்க அவற்றைக் ‘குழாய்ச் செல்’ என்றே சொல்கிறேன்.

பெரிய குழாய்களில் இந்தப் படலத்தைச் சுற்றித் தசையும் நாரும் உண்டு. தந்துகியில் அவை கிடையாது. குழாய்ச் செல், அதற்கு அடியில் மெல்லிய சவ்வு, வெளியிலிருந்து ஆங்காங்கே கட்டிப் பிடித்திருக்கும் பெரிசைட் என்ற துணைச் செல், அவ்வளவுதான். தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுவே 7, 8 மைக்ரோமீட்டர் இருப்பதால், பல இடங்களில் அது உடம்பை வளைத்து நெளித்து ஒற்றை வரிசையில்தான் போகும்.

இந்தப் படலத்தை வெறும் உறை என்று நினைத்த காலம் உண்டு. குழாயை விரியச் சொல்லும் சைகையே இந்தச் செல்லிலிருந்துதான் புறப்படுகிறது என்று 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அந்தச் சைகை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. அதைப் பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

2. லேசா சிராய்ச்சா சில சமயம் ரத்தமே வர்றதில்ல, சில சமயம் புள்ளிப் புள்ளியா வருது. ஏன்?

தோலின் மேலடுக்கில் ரத்தக்குழாயே கிடையாது. அது உடம்பின் பெரும்பகுதியில் 0.1 மில்லிமீட்டர் அளவுதான் தடிமன். தனக்கு வேண்டியதையெல்லாம் கீழடுக்கிலிருந்து கசிந்து வருவதை வைத்தே சமாளித்துக்கொள்கிறது. சிராய்ப்பு அந்த மேலடுக்கோடு நின்றுவிட்டால் ரத்தம் வராது.

கீழடுக்கு, மேலடுக்குக்குள் சின்னச் சின்ன முகடுகளாகத் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முகட்டுக்குள்ளும் ஒரு தந்துகி ஏறி, வளைந்து, இறங்குகிறது. சிராய்ப்பு கொஞ்சம் ஆழமானால் அந்த முகடுகளின் நுனி மட்டும் சீவப்படும். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் அப்படி நுனி போன ஒரு வளையம்.

3. ரத்தத்தை நிறுத்துறது தட்டணுதானே? குழாய்ச் செல்லுக்கு அதுல என்ன வேலை?

தட்டணு ஒட்டுவதற்குப் பசை வேண்டாமா? அந்தப் பசையின் பெயர் வான் வில்பிராண்ட் காரணி. குழாய்ச் செல் அதை முன்கூட்டியே தயாரித்துத் தனக்குள் குச்சி வடிவச் சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கிறது. எவால்ட் வைபலும் ஜார்ஜ் பலாடும் 1964இல் இந்தப் பைகளை விவரித்தார்கள். வெட்டுப்பட்டதும் பைகள் திறந்து பசை வெளியே வரும். குழாய் சுருங்கும், தட்டணுக்கள் ஒட்டும், ஃபைப்ரின் என்ற நார் வலை போலப் பின்னி அடைப்பை உறுதியாக்கும்.

இதே செல் மற்ற நாளெல்லாம் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. ரத்தம் உறையாமல் ஓட நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் சுரக்கிறது. உறைதலைத் தடுக்கும் புரதங்களைத் தன் மேற்பரப்பில் ஏந்தியிருக்கிறது. காயம்பட்ட இடத்தில் உறையவிட்டு, அடுத்திருக்கும் நல்ல குழாயில் உறையவிடாமல் காப்பதும் அதே குழாய்ச் செல்தான்.

4. காயத்தைச் சுத்தி சிவந்து, வீங்கி, சுடுது. இன்ஃபெக்‌ஷனா?

முதல் இரண்டு மூன்று நாட்களில் அளவோடு இருந்தால் பெரும்பாலும் இல்லை. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற இந்த நான்கையும் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்தார். முதல் மூன்றுமே நேரடியாகக் குழாய்ச் செல்லின் வேலை. குழாய் விரிவதால் ரத்தம் கூடுகிறது. அதனால் சிவப்பும் சூடும். ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் பட்டதும் குழாய்ச் செல்கள் தங்களுக்கு இடையேயான இணைப்பைத் தளர்த்திக்கொள்கின்றன, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிகிறது, அதுதான் வீக்கம்.

கசிவோடு வெள்ளணுக்களும் வந்தாக வேண்டும். ரத்த ஓட்டத்தின் வேகத்தில் அவை அடித்துக்கொண்டு போய்விடாமல் நிறுத்துவது எப்படி? மூன்றாம் கேள்வியில் சொன்ன அதே சிறு பையில், பி-செலெக்டின் என்ற கொக்கியும் இருக்கிறது. சில நிமிடங்களில் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து, ஓடும் வெள்ளணுவைப் பிடித்து உருள வைக்கும். சில மணி நேரத்தில் வேறு கொக்கிகளும் முளைக்கும். உருளும் வெள்ளணு வேகம் குறைந்து, நின்று, செல்களுக்கு நடுவே நுழைந்து வெளியே போகும். முதல் நாளிலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள், அதன்பின் இரண்டு மூன்று நாட்களில், கழிவை விழுங்கித் துப்புரவு செய்யும் மேக்ரோஃபேஜ்கள். எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று அவற்றுக்குக் காட்டுவது குழாய்ச் செல்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? மூன்றாவது நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவிக்கொண்டே போனால், வலி குறையாமல் கூடினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் அடித்தால், காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடினால் உடனே காட்டுங்கள். கறுத்த நிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தோன்றலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் கையை வைத்துச் சூட்டையும், தோலின் இறுக்கத்தையும் பார்ப்பதுதான் நம்பகமானது. இதைக் கவனிக்காமல் தாமதமாக வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

5. புண்ணுக்குள்ள செக்கச்செவேல்னு பொடிப்பொடியா சதை வளருது. கெட்ட சதையா?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. அது வளர்வதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மருத்துவத்தில் அதன் பெயர் கிரானுலேஷன் திசு. ‘சிறு மணி’ என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். நீங்கள் பொடி என்று சொல்லும் அந்த மணிகள், புதிதாக முளைத்த தந்துகி வளையங்கள் கொத்தாக மேலே எழும்பி நிற்பவை. அவற்றைச் சுற்றிப் புதுக் கொலாஜன் என்ற நார்ப் புரதமும், அதை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும், மேக்ரோஃபேஜ்களும் இருக்கும். காயம்பட்ட நாலாவது நாள் வாக்கில் இது தெரியத் தொடங்கும். சதை என்று சொன்னாலும் இது தசை அல்ல. குழியை நிரப்ப உடம்பு போடும் தற்காலிக நிரப்பு.

ஓரத்திலிருந்து மேல்தோல் செல்கள் ஊர்ந்து வந்து புண்ணை மூட வேண்டுமென்றால், ஆழமான புண்ணில் அவற்றுக்கு ஓர் ஈரமான, ரத்த ஓட்டமுள்ள படுக்கை வேண்டும். அந்தப் படுக்கை இதுதான். நல்ல கிரானுலேஷன் ஈரமாக, பளிச்சென்ற சிவப்பில், தொட்டால் உறுதியாக இருக்கும். வெளிறியோ, கருஞ்சிவப்பாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் ரத்த ஓட்டக் குறைவு அல்லது கிருமி என்று சந்தேகப்பட வேண்டும். தோல் மட்டத்தைத் தாண்டிப் புடைத்து வளர்ந்தால் மேல்தோல் அதன்மேல் ஏற முடியாமல் திணறும். அதை மருத்துவர் சரிசெய்வார். பல மாதமாக ஆறாமல் இப்படி வளரும் புண்ணிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

6. கட்டு மாத்தும்போதெல்லாம் ரத்தம் கசியுது. ஆறவே இல்லையோன்னு பயமா இருக்கு.

கசிவது அந்தப் புதுத் தந்துகிகள். இப்போதுதான் முளைத்தவை என்பதால் பெரிசைட்டுகள் இன்னும் அவற்றை முழுக்கக் கட்டிப் பிடிக்கவில்லை. அடிச்சவ்வும் முழுமையாக உருவாகவில்லை. காய்ந்து ஒட்டிப்போன துணியை இழுத்தால் வளையங்கள் பிய்ந்து வரும்.

ஆறவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பிய்த்தால் இரண்டு மூன்று நாள் கட்டிய வேலை போய்விடும். ஒட்டாத டிரஸ்ஸிங்கைக் கேளுங்கள். ஒட்டிக்கொண்டால் சலைனில் நனைத்து, ஊறவிட்டு, மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கசிவு என்பது வேறு, அழுத்திப் பிடித்தும் நிற்காமல் ஓடும் ரத்தம் என்பது வேறு; இரண்டாவதற்கு உடனடி உதவி வேண்டும்.

7. புதுக் குழாய் எங்கேர்ந்து வருது? யார் சொல்லி வளருது?

பக்கத்தில் அறுபடாமல் இருக்கும் பழைய சிறு குழாயிலிருந்து, செடியில் தளிர் விடுவது போலக் கிளைக்கிறது. பெரியவர்களின் உடம்பில் குழாய்ச் செல்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து பெருகாமல் அமைதியாக இருப்பவை. மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் அப்படியே கிடக்கும். அவற்றை எழுப்ப ஒரு குரல் வேண்டும்.

குரல் கொடுப்பது ஆக்சிஜன் தட்டுப்பாடு. காயத்தின் நடுவில் குழாய்கள் அறுந்துபோனதால் ஆக்சிஜன் வருவதில்லை. அங்கே குவிந்த வெள்ளணுக்கள் இருப்பதையும் தின்று தீர்க்கின்றன. நம் செல்களில் ஹிஃப் என்றொரு புரதம் ஓயாமல் உற்பத்தியாகிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை அதன்மேல் ஓர் அடையாளம் குத்தப்பட்டு, சில நிமிடங்களில் அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் குத்த முடியாது. ஹிஃப் தப்பித்து உட்கருவுக்குள் போய், ‘குழாய் வேண்டும்’ என்ற கட்டளைக்கான மரபணுக்களை இயக்கும். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு.

அந்தக் கட்டளையில் முக்கியமானது வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. மேக்ரோஃபேஜ்களும் ஓரத்து மேல்தோல் செல்களும் அதை நிறையச் சுரக்கும். இதன் கண்டுபிடிப்பே ஒரு பாடம். 1983இல் டொனால்ட் செங்கரும் ஹெரால்ட் டுவோராக்கும் குழாயைக் கசிய வைக்கும் பொருள் என்று இதை அறிந்தார்கள். 1989இல் நெப்போலியோன் ஃபெராரா குழாய்ச் செல்லைப் பெருக்கும் பொருள் என்று பிரித்தெடுத்தார். கடைசியில் இரண்டும் ஒரே புரதம்! நாலாம் கேள்வியில் வீக்கம் என்று பார்த்தோமே, அந்தக் கசிவிலிருந்து உருவாகும் ஃபைப்ரின்தான் புதுக் குழாய் பற்றிக்கொண்டு ஏறும் பந்தல்.

8. எந்தப் பக்கம் வளரணும்னு அந்தச் செல்லுக்கு எப்படித் தெரியும்?

வி.இ.ஜி.எஃப். எங்கே அடர்த்தியோ அங்கே போகும். 2003இல் ஹோல்கர் கெர்ஹார்ட்டின் குழு எலியின் விழித்திரையில் இதைத் தெளிவாகக் காட்டியது. தளிரின் நுனியில் இருக்கும் ஒரு செல் மெல்லிய விரல்களை நீட்டி மோப்பம் பிடித்தபடி முன்னே போகிறது. பின்னால் இருப்பவை பெருகித் தண்டை நீளமாக்குகின்றன. எல்லாச் செல்லும் நுனியாக ஓடினால் குழாயே உருவாகாது. அதனால் நுனிச் செல், ‘நாட்ச்’ என்ற சைகை வழியாகப் பக்கத்துச் செல்லைத் தொட்டு, ‘நீ பின்னால் நில்’ என்று அடக்குகிறது.

போகும் வழியில் அடிச்சவ்வை அரித்துத் திறக்க நொதிகளும் வேண்டும். எதிரிலிருந்து இன்னொரு தளிர் வந்து சந்தித்தால் இரண்டும் இணைந்து வளையமாகும். உள்ளே துளை திறந்து ரத்தம் பாயும். ரத்தம் பாய ஆரம்பித்ததும் ஆக்சிஜன் வரும், ஹிஃப் அழியும், வி.இ.ஜி.எஃப். குறையும். தேவை தீர்ந்ததும் குரலும் அடங்கிவிடும். அப்புறம் குழாய்ச் செல் வேறொரு காரணியைச் சுரந்து பெரிசைட்டுகளை அழைக்கும். அவை வந்து அணைத்த குழாய் நிலைக்கும். அணைக்காதது பெரும்பாலும் வாடும்.

9. ஆக்சிஜன் குறைஞ்சாத்தான் குழாய் வளரும்னா, ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறது நல்லதுதானே?

நல்ல கேள்வி, ஆனால் இல்லை. குழாயை அழைப்பது குறைவு. கட்டி முடிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். கொலாஜன் இழைகள் முறுக்கேறி உறுதியாக ஆக்சிஜன், இரும்பு, வைட்டமின் சி மூன்றும் தேவை. வெள்ளணு கிருமியைக் கொல்லும் ரசாயனமும் ஆக்சிஜனிலிருந்துதான் வருகிறது. வைட்டமின் சி இல்லாத ஸ்கர்வி நோயில் பழைய தழும்புகள்கூடப் பிரியும், தந்துகிகள் உடைந்து தோலில் ரத்தம் கசியும்.

காயத்துக்கு உதவுவது வித்தியாசம்: நடுவில் குறைவு, ஓரத்தில் நிறைவு. அந்த வித்தியாசத்தால் வி.இ.ஜி.எஃப். நடுவில் அடர்த்தியாகிறது; அதைப் பார்த்துத்தான் எட்டாம் கேள்வியின் நுனிச் செல் திசை அறிகிறது. கால் முழுவதற்கும் தமனி அடைத்துப்போனால் ஓரமும் பட்டினி, நடுவும் பட்டினி. தளிர் விடவே பலம் இருக்காது. அந்த நிலையில் மேலே என்ன பூசினாலும் பயன் குறைவு. முதலில் அடைப்பைப் பார்க்க வேண்டும்.

10. தழும்பு முதல்ல சிவப்பா இருந்துட்டு ஏன் அப்புறம் வெளுக்குது?

கிரானுலேஷனில் குழாய்கள் தேவைக்கு மேலேயே முளைக்கின்றன. நல்ல தோலில் இருப்பதைப் போலப் பல மடங்கு இருக்கும். புண் மூடியதும் அவ்வளவு வேண்டாம். உபரியான குழாய்ச் செல்கள் தாங்களாகவே ஒடுங்கி, ஒழுங்காகச் சாகின்றன. இதற்கும் த்ராம்போஸ்பாண்டின் போன்ற புரதங்கள் கட்டளை கொடுக்கின்றன. குழாய் குறையக் குறையச் சிவப்பு மங்கும். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அதே சமயம் உள்ளே கொலாஜன் மாற்றி நெய்யப்படுகிறது. மூன்று வாரத்தில் தழும்பின் வலிமை பழைய தோலில் ஐந்தில் ஒரு பங்குதான். முடிவில் 70, 80 சதவீதம் வரை எட்டும், முழுசாக ஒருபோதும் வராது.

பலருக்கு ஏற்படும் குழப்பம் ஒன்று: கறுத்த நிறத் தோலில் தழும்பு சிவப்பாக இல்லாமல் பழுப்பாக, கறுப்பாக இருக்கும். அது குழாய் அல்ல, நிறமி. விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மங்கி, விட்டதும் திரும்பினால் அது குழாயின் சிவப்பு. மாறாமல் இருந்தால் நிறமி.

11. அப்போ குழாய் நிறைய வளர்ந்தா சீக்கிரம் ஆறும், அப்படித்தானே?

அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நம்பினேன். வாயைப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம் கடிபட்டால் எவ்வளவு சீக்கிரம், தழும்பே இல்லாமல் ஆறுகிறது! ஆனால் விலங்குகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாய்க் காயத்தில் தோல் காயத்தைவிட வி.இ.ஜி.எஃப். குறைவு, புதுக் குழாய்களும் குறைவு. கருவிலிருக்கும் சிசுவின் தோலும் ஆரம்ப மாதங்களில் தழும்பில்லாமல் ஆறும். அங்கும் அழற்சி, அதாவது நாலாம் கேள்வியில் பார்த்த சிவப்பு, வீக்கம், வெள்ளணு வருகை, மிகக் குறைவு.

அதனால் என் கருத்து இது: வேண்டியது போதுமான அளவு குழாய், சரியான நேரத்தில், பெரிசைட் பிடித்த உறுதியான குழாய், வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளும் குழாய். எண்ணிக்கை மட்டும் கூடினால் கசிவும் அழற்சியும் தழும்பும் கூடும். பல மாதமாகச் சிவந்து, புடைத்து, அரிக்கும் தழும்புகளில் குழாய்கள் இன்னும் அடங்கவில்லை என்பதையும் பார்க்கலாம்.

12. சர்க்கரை இருந்தா மட்டும் ஏன் கால் புண் இவ்வளவு படுத்துது?

நிறையச் செல்கள் சர்க்கரையை எவ்வளவு உள்ளே விடலாம் என்று கட்டுப்படுத்திக்கொள்ளும். குழாய்ச் செல்லால் அது சரியாக முடியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதற்குள்ளும் ஏறும். அதனால் முதலில் அடிபடுவது அதுதான். நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குழாய் விரிய மறுக்கிறது. சர்க்கரை படிந்த புரதங்கள் சுவரை விறைப்பாக்குகின்றன. ஆக்சிஜன் குறைந்தாலும் ஹிஃப் சரியாக நிலைப்பதில்லை. ஆக, ஏழாம் கேள்வியில் சொன்ன குரலே பலவீனமாகிறது. மேக்ரோஃபேஜ்கள் சண்டை நிலையிலேயே தங்கிவிடுகின்றன; கட்டுமான வேலைக்கு மாறுவதில்லை.

இதன்மேல் பெரிய தமனியில் அடைப்பும் சேரலாம். நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாது. அந்தக் காலை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார்கள். நடக்கும் ஒவ்வொரு அடியும் புதுத் தந்துகிகளை நசுக்கும். மருந்தை மட்டும் நம்பி, காலுக்கு ஓய்வு கொடுக்காமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். சர்க்கரைக் கட்டுப்பாடு, அழுத்தம் படாமல் வைப்பது, ரத்த ஓட்டப் பரிசோதனை மூன்றும் சேர்ந்தால்தான் குழாய்ச் செல்லுக்கு வேலை செய்ய வழி பிறக்கும்.

13. அதே சர்க்கரைக்குக் கண்ணுல ரத்தக்குழாய் அதிகமா வளருதுன்னு ஊசி போடறாங்க. கால்ல வளரலைன்னு சொல்றீங்க. எது சரி?

இரண்டும் சரி. விழித்திரையில் பெரிசைட்டுகள் அழிந்து தந்துகிகள் மெல்ல மெல்ல மூடிக்கொள்கின்றன. பட்டினி கிடக்கும் விழித்திரை வி.இ.ஜி.எஃப்.பைக் கொட்டுகிறது. அதைக் கேட்டு முளைப்பவை கசியும், எளிதில் உடையும் குழாய்கள். அதனால் கண்ணுக்குள் போடும் ஊசி அந்த வி.இ.ஜி.எஃப்.பைத் தடுக்கிறது. கால் புண்ணில் சைகை தொடக்கத்திலேயே பலவீனம். சுரந்த கொஞ்சத்தையும் நீடித்த அழற்சியில் பெருகிய நொதிகள் வெட்டிப் போடுகின்றன. வேர் ஒன்றுதான், குழாய்ச் செல்லும் பெரிசைட்டும் கெட்டுப்போனது. இடத்துக்கு இடம் விளைவு மாறுகிறது. கண்ணுக்கு ஊசி போட்டுக்கொள்பவர் காலில் புண் இருந்தால் இரண்டு மருத்துவர்களிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

14. சிகரெட் பிடிச்சா புண் ஆறாதா?

தாமதமாகும், பிரியவும் வாய்ப்பு கூடும். நிக்கோட்டின் தோலின் சிறு குழாய்களைச் சுருக்கும். கார்பன் மோனாக்சைடு சிவப்பணுவில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புகையில் உள்ள மற்ற பொருட்கள் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கும். ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

15. புண்ணைக் காத்தாட விட்டாத்தானே ஆறும்?

1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிக்குட்டிகளின் தோலில் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்லிவிட்டது. படலத்தால் மூடி ஈரமாக வைத்த மேலோட்டமான காயங்களில், காற்றில் காயவிட்டவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மேல்தோல் மூடியது. ஈரத்தில் நுனிச் செல்லும் மேல்தோல் செல்லும் எளிதாக ஊரும், வளர்ச்சிக் காரணிகளும் தங்கும். காய்ந்து பொருக்கு கட்டினால் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரம் என்றால் சொதசொதவென்று ஊறுவது அல்ல. அதுவும் ஓரத்தோலைக் கெடுக்கும்.

16. வி.இ.ஜி.எஃப்.பையே மருந்தா பூசிட்டா முடிஞ்சதே?

முயன்று பார்த்திருக்கிறார்கள், வழக்கமான சிகிச்சையாக அது நிலைக்கவில்லை. தனியாகக் கொடுத்தால் கசியும் குழாய்கள் வரும். அவற்றை உறுதியாக்க வேறு காரணிகளும் முறையாக அடுத்தடுத்து வர வேண்டும். கிருமியும் நொதியும் நிறைந்த புண்ணில் பூசியது நிலைக்காது. பெரிசைட்டுகளையும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளையும் அழைக்கும் பி.டி.ஜி.எஃப். என்ற காரணி, சர்க்கரைக் கால் புண்ணுக்கான ஜெல்லாக 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் அழுகிய திசுவை நீக்கி, அழுத்தத்தைத் தவிர்த்து, ரத்த ஓட்டம் இருக்கும் காலில்தான் உதவும்.

17. கேன்சருக்கு ஊசி போட்டுக்கிறவங்களுக்கு ஏன் ஆபரேஷனைத் தள்ளி வைக்கிறாங்க?

எல்லா ஊசிக்கும் ஒரே காரணம் இல்லை. இங்கே நான் சொல்வது பெவாசிசுமாப் போன்றவற்றைப் பற்றி. கட்டிகள் தங்களுக்கென்று குழாய் வளர்த்துக்கொள்கின்றன என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் வாதிட்டார். 1986இல் டுவோராக், கட்டிகளை ஆறாத காயங்கள் என்று வர்ணித்தார். ஏழாம் கேள்வியில் வந்த அதே டுவோராக்தான். காயம் பயன்படுத்தும் அதே வி.இ.ஜி.எஃப்.பைக் கட்டியும் பயன்படுத்துகிறது. காயத்தில் குரல் அடங்கும், கட்டியில் அடங்காது.

பெவாசிசுமாப் அந்த வி.இ.ஜி.எஃப்.பைப் பிடித்து முடக்குகிறது. கட்டியின் குழாயையும் ஆபரேஷன் காயத்தின் குழாயையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 28 நாட்கள் நிறுத்துவார்கள். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும் குறைந்தது 28 நாட்கள் கழிந்து, காயமும் நன்றாக ஆறியிருந்தால்தான் தொடங்குவார்கள். நீங்களாக நாள் கணக்குப் போட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

18. தோல் ஒட்டு வெச்சா ஏன் அஞ்சு நாள் அசையக் கூடாதுங்கறாங்க? ஒட்டின தோலுக்கு ரத்தம் எப்படி வருது?

வேறோர் இடத்திலிருந்து சீவி எடுத்த தோலுக்குள் அறுந்த தந்துகிகள் அப்படியே இருக்கின்றன, ரத்தம்தான் இல்லை. முதல் ஒன்றிரண்டு நாள் அது அடியிலிருந்து ஊறும் பிளாஸ்மாவை உறிஞ்சி உயிர் வாழும். இரண்டாவது மூன்றாவது நாளில், அடியிலிருக்கும் தந்துகியின் முனைகளும் ஒட்டின் தந்துகி முனைகளும் வாயோடு வாய் வைத்து இணையத் தொடங்கும். கூடவே அடியிலிருந்து புதுத் தளிர்களும் ஏறும். ஐந்து, ஏழு நாட்களுக்குள் ரத்த ஓட்டம் நிலைபெறும்.

இந்த நாட்களில் ஒட்டு ஒரு மயிரிழை வழுக்கினாலும் இணைந்த முனைகள் அறுந்துபோகும். அடியில் ரத்தமோ நீரோ தேங்கினாலும் இரு முனைகளும் சந்திக்க முடியாது. அதனால்தான் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டுவதும், அந்தக் கையைக் காலை அசைக்காமல் வைப்பதும். முதல் கட்டைப் பிரிக்கும்போது நாங்கள் செய்வது ஒன்றுதான்: ஒட்டு ரோஜா நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்து, விரல் நுனியால் மெல்ல அழுத்திவிட்டு எடுப்போம். வெளுத்த இடத்தில் நிறம் மறுபடி ஏறினால், கீழிருந்து வந்த குழாய்ச் செல்களும் ஒட்டோடு வந்த குழாய்ச் செல்களும் கைகோத்துவிட்டன.